சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி உடற்பயிற்சி தொடங்குவது எப்படி: நெல்லை வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

தண்டுவடக் காயம், இளம்பிள்ளை வாதம், கால் இழப்பு ஆகியவற்றால் அமர்ந்தபடியே உடற்பயிற்சி செய்ய வேண்டியவர்களுக்காகவும், அவர்களுக்குத் துணை நிற்கும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு இடது காலில் போலியோ. சில ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுப் பட்டாசலில் வாரம் மூன்று காலை சிலர் கூடிப் பயிற்சி செய்து வருகிறோம். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் தவறான பயிற்சியைச் செய்து காயப்படுவதில்லை. சரியான பயிற்சியைத் தவறான வரிசையில் செய்துதான் காயப்படுகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை எண் வரிசைப்படியே பின்பற்றுங்கள். டம்பிள்ஸ் வாங்குவது முதல் படி அன்று.

1. மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள்

"உடற்பயிற்சி செய்யலாமா?" என்று கேட்டால் "செய்யலாம், பார்த்துச் செய்யுங்கள்" என்ற பதில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு எதையும் தொடங்க முடியாது. தண்டுவடத்தில் அடிபட்டவர், காயம் எந்த எண்ணில் இருக்கிறது என்பதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். டி6 (நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது பிரிவு) என்ற எண்ணிலோ அதற்கு மேலோ காயம் இருந்தால் இரத்த அழுத்தம், வியர்வை, இதயத் துடிப்பு மூன்றும் மற்றவர்களுக்கு இயங்குவதைப் போல இயங்காது. பின்வரும் பல எச்சரிக்கைகள் அவர்களுக்கானவை. இனி "டி6க்கு மேல்" என்று எழுதுவதில் டி6உம் அடங்கும்.

அடுத்து, ஓய்வாக இருக்கும்போது உங்கள் இரத்த அழுத்தம் வழக்கமாக எவ்வளவு என்று தெரிந்து வைத்திருங்கள். கழுத்தில் அடிபட்ட பலருக்கு 90/60 என்பதே இயல்பாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் 130 காட்டினால் அது நல்ல அளவு அன்று, ஆபத்தின் அறிகுறி. இதை அறியாத செவிலியர் "நார்மல்தான்" என்று அனுப்பிவிட இடமுண்டு. மாறாக, பக்கவாதம் வந்தவர்களும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் 180/110ஐத் தாண்டிய நாளில் பயிற்சியைத் தொடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி எலும்பைப் பற்றியது. பல ஆண்டுகள் எடை தாங்காத கால்களின் எலும்பு மெலிந்திருக்கும். எந்த அசைவு வரை பாதுகாப்பு என்பதை பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கையால் செய்து காட்டியாக வேண்டும்.

இவற்றுக்கு ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குச் செல்லலாம். வீட்டை விட்டு வர இயலாதவர்கள், 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வர வழியிருப்பதால், தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியலாம். தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு, 1981இல் ஆய்க்குடியில் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம் தண்டுவடக் காயத்துக்கான மறுவாழ்வுப் பயிற்சியை நீண்ட காலமாகக் கற்பித்து வருகிறது.

2. அட்டையை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

நாற்காலி, செயற்கைக் கால், காலிப்பர் (காலில் கட்டும் தாங்கி) போன்றவற்றை அரசிடம் கேட்கும்போது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையைக் கேட்பார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு என்ற அளவு வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவரின் மதிப்பீடு முடித்து அட்டை கைக்கு வரச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்பதால் முதலிலேயே சொல்கிறேன். ஐயம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

3. நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யுங்கள்

நம் ஊர் வெயிலை இங்கே கணக்கில் எடுக்காமல் முடியாது. டி6க்கு மேல் காயம்பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. ஆகவே உடல் சூடேறினால் தானாகத் தணியாது. அக்கினி நட்சத்திர நாள்களில் காலை ஆறரைக்குள் பயிற்சியை முடித்துவிட வேண்டும். மாலையில் செய்தால் மச்சு வீட்டின் மேல்தளத்தில் பகல் வெப்பம் அடங்கியிருக்காது, கீழ்த்தளத்தில் செய்யுங்கள். ஈரத் துண்டு ஒன்று கழுத்திலும், தண்ணீர் தெளிக்கும் புட்டி ஒன்று பக்கத்திலும் இருக்கட்டும்.

சாப்பிட்ட உடனே செய்ய வேண்டாம். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு உணவுக்குப் பின் இரத்த அழுத்தம் இறங்கும். ஒன்றரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

தரையில் படுத்துச் செய்யும் அசைவுகளுக்கு பத்தமடைப் பாயை விரிக்கிறவர்கள் உண்டு. படுத்து உறங்க அதைப் போல வேறில்லை. ஆனால் மொசைக் தரையிலும் டைல்ஸிலும் அது வழுக்கிக்கொண்டு போகும். உணர்ச்சியற்ற தோலில் கோரையின் வரி பதிந்தாலும் தெரியாது. பழைய போர்வையை நான்காக மடித்து, அடியில் ரப்பர் விரிப்பு போடுவது நல்லது.

4. சிறுநீர்ப் பையைக் காலி செய்யுங்கள்

இதற்குத் தனிப் படி எதற்கு என்று தோன்றலாம். டி6க்கு மேல் காயம்பட்டவருக்கு நிரம்பிய சிறுநீர்ப் பையே இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். குழாய் போட்டிருப்பவர் பையைக் காலி செய்து, குழாய் தொடைக்கு அடியில் மடங்கவில்லை என்பதை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: வெளியே போனால் நாற்காலி நுழையும் கழிப்பறை கிடைக்காது என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உண்டு. அந்தப் பழக்கத்தோடு பயிற்சியைத் தொடங்கினால் சிறுநீர்த் தொற்றில்தான் போய் முடியும். வீட்டிலேயே பயிற்சியைத் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. உட்காரும் நிலையைச் சரிசெய்யுங்கள்

புதியவர்கள் மிக வேகமாகத் தாண்டிப் போகும் படி இதுதான். கோணலாக அமர்ந்து நூறு முறை கையை உயர்த்துகிறவர் நூறு முறை தோள்பட்டையைத் தேய்க்கிறார். முதல் வாரம் முழுவதும் இதற்கே போனாலும் நட்டமில்லை.

இடுப்பை நாற்காலியின் பின்பக்கம் வரை தள்ளி அமருங்கள். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் இருக்கை நீளம் அதிகம், அதனால் இடுப்பு முன்னால் சரிந்து முதுகு கூனிப்போகும். பாதம் முழுவதும் மிதிபலகையில் பதிந்திருக்க வேண்டும். கையைச் சக்கர வளையத்தின் உச்சியில் வைத்தால் முழங்கை சற்று மடங்கி, செங்கோணத்தை விடக் கொஞ்சம் விரிந்து இருப்பது சரியான உயரம்.

அடுத்து மெத்தை. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மெத்தைக்கு அடியில் நுழைத்து, அமர்ந்திருக்கும் எலும்புக்கு நேராகக் கொண்டு போங்கள். எலும்பு கையில் இடிப்பதுபோல் தெரிந்தால் ஸ்பாஞ்ச் செத்துவிட்டது, மாற்றியாக வேண்டும். நடுவில் ஓட்டை போட்ட காற்று வளையத்தை வாங்காதீர்கள். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் உள்ள தோலுக்கு இரத்தம் போவதைக் குறைக்கும். கடைக்காரர் சொன்னதை நம்பி எங்கள் குழுவில் ஒருவர் அதை வாங்கி, புண் ஆறும் வரை மூன்று மாதம் குப்புறப் படுத்தே கிடந்தார்.

கடைசியாகப் பிரேக். காற்று அடைக்கும் டயராக இருந்தால், காற்று குறையும்போது பிரேக் கட்டை டயரைச் சரியாகப் பிடிக்காது. பிரேக் போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் ரப்பரை இழுக்கும்போது நாற்காலியும் சேர்ந்து நகரும். பயிற்சிக்கு முன் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லுபோல் இருக்க வேண்டும்.

6. தோலைப் பாருங்கள்

உணர்ச்சி இல்லாத இடத்தைக் கண்ணால்தான் காக்க முடியும். பயிற்சிக்கு முன்னும் பின்னும், கைக்கண்ணாடியாலோ கைபேசியில் படம் எடுத்தோ, புட்டம், வால் எலும்பு, குதிகால், கணுக்கால் ஆகியவற்றைப் பாருங்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் சுற்றிலும் உள்ள தோலை விடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கருத்தோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் மாறாவிட்டால், அந்த இடத்தில் அழுத்தம் படாமல் படுத்து ஓய்வெடுங்கள். அன்று பயிற்சி இல்லை.

அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, இரண்டு நிமிடம் இருங்கள். கைகளை ஊன்றி உடலைத் தூக்கும் பழைய முறையைச் சிலர் கற்றிருப்பார்கள். அந்தச் சில நொடிகளில் தோலுக்கு இரத்தம் திரும்புவதில்லை, தோள் மட்டும் தேய்கிறது.

7. பொருள்களைச் சேகரியுங்கள்

செலவு அதிகமில்லை. அரை லிட்டர் தண்ணீர் புட்டி ஏறத்தாழ அரை கிலோ. ஒரு லிட்டர் புட்டியில் மணல் நிரப்பினால் ஒன்றரை கிலோவுக்கு மேல் வரும். இழுப்புப் பயிற்சிக்குக் கடைகளில் கிடைக்கும் தெராபேண்ட் என்ற ரப்பர் பட்டை நல்லது. இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூப் போதும், ஆனால் வாரந்தோறும் அதை இழுத்துப் பார்த்து வெடிப்பு உண்டா என்று சோதிக்க வேண்டும். ஜன்னல் கொக்கியில் கட்டாதீர்கள், கம்பியில் கட்டுங்கள். கொக்கியில் கட்டிய டியூப் கழன்று என் கன்னத்தில் அடித்த தழும்பு இரண்டு வாரம் இருந்தது.

விரல் பிடிமானம் இல்லாதவர்கள் புட்டியைப் பிடிக்க முயல வேண்டாம். அரை கிலோ மணல் மூட்டையைத் துணியில் தைத்து, மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டையால் கட்டிக்கொள்ளலாம்.

8. மூட்டுகளை இளக்குங்கள்

பத்து நிமிடம். தோளை முன்னும் பின்னும் சுழற்றுதல், தோள் எலும்புகளைப் பின்னால் ஒன்றுசேர்த்து ஐந்து எண்ணும் வரை வைத்தல், கழுத்தைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்தல், இடுப்பைத் திருப்புதல்.

வீட்டார் காலை நீட்டி மடக்கும்போது மூட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கைகளாலும் தாங்கி மெல்ல நகர்த்த வேண்டும். "இறுகிப் போச்சு, நல்லா இழுத்து விடணும்" என்று பாதத்தைப் பிடித்து வேகமாக இழுத்ததில் தொடை எலும்பு முறிந்தவர்கள் உண்டு, வலி தெரியாததால் வீக்கம் வந்த பிறகே கண்டுபிடிப்பார்கள்.

கழுத்தில் அடிபட்டு, மணிக்கட்டை உயர்த்தினால் விரல்கள் தாமாக மடங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு. மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் நிமிர்த்தி இழுக்கக் கூடாது. அந்த இறுக்கம்தான் அவர்கள் டம்ளரைப் பிடிக்க உதவுவது. அதை இளக்கிவிட்டால் பிடிமானமே போய்விடும்.

9. முதலில் இழுங்கள், பிறகு தள்ளுங்கள்

நாற்காலியை உருட்டுவது, கட்டிலில் இருந்து மாறுவது எல்லாமே தள்ளும் வேலை. ஆகவே நெஞ்சும் தோளின் முன்பகுதியும் ஏற்கெனவே உழைத்துக் களைத்திருக்கின்றன, முதுகுப் பக்கத் தசைகள் சும்மா கிடக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வால்தான் தோள் வலி வருகிறது. புதியவர்கள் வந்ததும் புட்டியைத் தலைக்கு மேல் தூக்கத் தொடங்குவது, உள்ள நோயை ஊதிவிடும் வேலை.

டியூபை நெஞ்சு உயரத்தில் ஜன்னல் கம்பியில் கட்டி, நாற்காலியை அதை நோக்கி நிறுத்தி, பிரேக் போடுங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பின்னால் இழுத்து, தோள் எலும்புகள் ஒன்றுசேர்ந்ததும் இரண்டு எண்ணி, மெதுவாக விடுங்கள். விடும் நேரம் இழுக்கும் நேரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். தோளைக் காதுவரை தூக்காதீர்கள். உடலைப் பின்னால் சாய்த்து இழுத்தால் நாற்காலி மல்லாந்துவிடும். உடம்பை நிறுத்தும் தசை பலவீனமாக இருந்தால் நெஞ்சைச் சுற்றி அகலமான பட்டையால் நாற்காலியோடு கட்டிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் எட்டு முறை, ஒரு சுற்று, வாரம் இரண்டு நாள். மூன்றாம் வாரத்தில் இரண்டு சுற்று. ஆறாம் வாரம் அளவில் மூன்று சுற்று. அதன் பிறகே தள்ளும் பயிற்சிகளைச் சேர்க்க வேண்டும், அதிலும் இரண்டு இழுப்புக்கு ஒரு தள்ளல் என்ற கணக்கில்.

எங்களிடம் வந்த பெண்களில் சிலர் முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் தட்டை வைத்துக் குனிந்தபடியே நாளெல்லாம் இருப்பதால் நெஞ்சு சுருங்கி, கழுத்து முன்னால் வந்திருக்கும், குறுக்கு வலியும் உண்டு. அவர்களுக்குத் தள்ளும் பயிற்சியே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நூறு பீடிக்கு ஒருமுறை தட்டை இறக்கி வைத்து, பத்துமுறை தோள் எலும்புகளைப் பின்னால் சேர்க்கச் சொன்னதுதான் முதல் மாதப் பயிற்சி முழுவதும்.

10. மூச்சு வாங்கும் பயிற்சி

தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கென 2018இல் வெளியான உலகளாவிய பரிந்துரை, உடல் தகுதிக்கு 20 நிமிடம் வீதம் வாரம் இரண்டு முறையும், இதய நலத்துக்கு 30 நிமிடம் வீதம் வாரம் மூன்று முறையும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களைப் போலவே வாரம் 150 முதல் 300 நிமிடம் என்றது. தொடங்குகிறவருக்கு முதல் கணக்கே போதும், அதையும் ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துச் செய்யலாம்.

கைகளைக் குத்துச்சண்டை போல் மாறி மாறி வீசலாம், சமதளத்தில் நாற்காலியை உருட்டலாம். உருட்டும்போது குட்டையாகப் பலமுறை தட்டாமல், நீளமாகத் தள்ளி, கையைக் கீழே தொங்கவிட்டு மீண்டும் கொண்டு வாருங்கள். தோளுக்கு வேலை குறையும்.

நாடியைப் பார்த்து வேகத்தை அளக்க வேண்டாம். டி6க்கு மேல் காயம்பட்டவர்களுக்கு எவ்வளவு உழைத்தாலும் துடிப்பு அதிகம் ஏறாது. பேச்சு வரவேண்டும், பாட்டு வரக்கூடாது, அதுதான் அளவு.

11. அடுத்த நாளைப் பார்த்துக் கூட்டுங்கள்

"அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு, இன்னும் ஒரு பத்துத் தரம் போடட்டுமா?" என்று முதல் வாரத்தில் கேட்காதவர் இல்லை. போடக்கூடாது. அன்றைய உடம்பு பொய் சொல்லும். 24 மணி நேரம் கழித்து, கை கடுப்பு வழக்கமான வேலைகளைத் தடுக்காமல் இருந்தால் மட்டுமே அடுத்த முறை கூட்டலாம், அதுவும் எடை அல்லது எண்ணிக்கை இரண்டில் ஒன்றை மட்டும்.

போலியோ உள்ளவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பான விதி. பல ஆண்டுகளாக மிச்சமிருக்கும் நரம்புகளே கூடுதல் சுமை தாங்கி வந்திருக்கின்றன. தன் எடையையே உயர்த்த முடியாத தசைக்குப் புட்டியைக் கட்டக் கூடாது. மறுநாள் சோர்வும் தசைத் துடிப்பும் இருந்தால் பாதியாகக் குறைக்க வேண்டும். நான் இதை மீறி ஒரு மாதம் படியேற முடியாமல் இருந்திருக்கிறேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, எத்தனை முறை, மறுநாள் எப்படி என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். மருத்துவரிடம் காட்டவும் அதுவே உதவும்.

12. இரண்டு மயக்கங்களைப் பிரித்து அறியுங்கள்

துணைக்கு இருப்பவர் கட்டாயம் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டிய படி இது. ஏனெனில் இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர் எதிர்.

முகம் வெளுத்து, கண் இருட்டிக்கொண்டு வந்தால் இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. நாற்காலியைப் பின்னால் சாய்த்துத் தாங்கி, கால்களை உயர்த்த வேண்டும்.

முகம் சிவந்து, தலை பிளப்பதுபோல் வலித்து, காயத்துக்கு மேலே வியர்த்து, மூக்கு அடைத்தால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இது டி6க்கு மேல் காயம்பட்டவர்களுக்கு வருவது. இவரைப் படுக்க வைக்கவே கூடாது, நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிட வேண்டும். இடுப்புப் பட்டை, காலணி, சிறுநீர்ப் பையின் வார் எல்லாவற்றையும் தளர்த்தி, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள், காயத்தின் எண்ணையும் வழக்கமான இரத்த அழுத்தத்தையும் வந்தவரிடம் சொல்லுங்கள். முதல் படியில் எழுதி வாங்கிய தாள் நாற்காலியின் பையிலேயே இருக்கட்டும்.

13. மற்றவர்களுக்குச் சில குறிப்புகள்

செயற்கைக் கால் அணிபவர் இடையிடையே கழற்றி வியர்வையைத் துடைக்க வேண்டும், ஈரத்தோடு இருந்தால் தோல் உரியும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பு தளர்வாக இருக்கக்கூடும் என்பதால், மருத்துவர் பார்க்கும் முன் குட்டிக்கரணம் வேண்டாம். பார்வையற்றவர் ஓடும்போது உடன் ஓடுபவரும் அவரும் குட்டைக் கயிறு ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம், கையைப் பிடித்து இழுப்பதைவிட அது இருவருக்கும் இலகு. காது கேளாதவருக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு செய்து காட்டாதீர்கள்.

தாமிரபரணியில் இறங்கிச் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். காலில் உணர்ச்சி இல்லாதவருக்குப் படித்துறையின் பாசியும் கல் விளிம்பும் தெரியாது. ஆற்றுக்கு வேண்டாம் என்பதே என் பதில்.

14. ஜிம்முக்கோ மைதானத்துக்கோ போகும் முன்

மூன்று மாதம் வீட்டில் செய்த பிறகு வெளியே போகலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு விளையாட்டில் பங்கேற்பதை அரசு உறுதிசெய்யச் சொல்கிறது. ஆனால் பணம் கட்டும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே போய் அளந்துவிடுவது மேல். உங்கள் நாற்காலியின் அகலத்தை விடக் கழிப்பறைக் கதவு நான்கு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு: வாசற்படி அரை அடி உயரம் என்றால் ஆறு அடி நீளம் வேண்டும். "பலகை போட்டுத் தர்றோம்" என்று இரண்டு அடிப் பலகையைக் காட்டினால், ஆள் இல்லாமல் அதில் ஏற முடியாது, இறங்கும்போது முன்னால் கவிழும். பயிற்சியாளரிடம், கருவியின் இருக்கையைக் கழற்றி நாற்காலியை உள்ளே விட முடியுமா என்று கேளுங்கள். முதல் நாள் காலையில், கூட்டம் குறைந்த நேரத்தில், துணைக்கு ஒருவரோடு போய்க் கழிப்பறை வரை ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, அன்று பயிற்சி எதுவும் செய்யாமல் திரும்புங்கள்.